என் சட்டை மேல் பெய்த பனி

என் சட்டை மேல் பனி பெய்துகொண்டிருந்தது. ஊர் கள்ளக்குறிச்சி, மாதம் சித்திரை. தியேட்டரின் தகரக் கூரை வெயிலில் சூடேறி அவ்வப்போது நெட்டி முறித்தது.

திரைக்குப் பக்கத்தில், கையில் மைக்குடன் நின்றிருந்தேன். ஓரடி உள்ளே நகர்ந்தால் படத்தின் ஒளி என் மேலும் விழும். அன்றைக்கென்று பார்த்துச் சலவைக்காரரிடமிருந்து வாங்கிவந்த வெள்ளைச் சட்டை. ஐரோப்பாவில் எங்கோ ஒரு துறைமுக ஊரில் பெய்த பனி பாதி திரையிலும் மீதி என் வயிற்றின் மேலும் இறங்கியது. "சார் மேல இலவம் பஞ்சு பறக்குது பாருடா" என்று முன்வரிசைத் தரையிலிருந்து யாரோ கத்தினார்கள். தியேட்டரே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தோள்பையில், காய்ச்சல்காரர்களிடம் ரத்தம் எடுத்த கண்ணாடி ஸ்லைடுகள் அடுக்கிய மரப்பெட்டிக்கு அடியில், மூன்று வாரமாகத் தபாலில் போடாத ஒரு கடிதம் கிடந்தது. அதை எழுதியவள் பெண்கள் பகுதியில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் கல்வராயன் மலையில் நான் பார்த்த மலேரியா வேலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் மலையில் கொசுவைத் தவிர வேறு எதுவும் கடிக்கவில்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கடித்தது, அம்மா. கேட்டுவிட்டீர்கள், இனி நீங்களாயிற்று.

ஆங்கிலத்தில் மட்டும் தோற்றவன்

நான் பி.ஏ. படித்தவன். எல்லாப் பாடத்திலும் தேறி ஆங்கிலத்தில் மட்டும் தோற்றவன். ஒரு முறை இல்லை, மூன்று முறை. அப்படிப்பட்டவனைத்தான் கள்ளக்குறிச்சி தன் ஆங்கில மேதையாகத் தேர்ந்தெடுத்தது.

தேர்ந்தெடுத்தவர் காசிம் பாய். எண்ணெய் வியாபாரம் செய்துகொண்டே தியேட்டரும் நடத்தியவர். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு மட்டும் இங்கிலீஷ் படம் போடுவார். குதிரை ஓடினால் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஆட்கள் பேச ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவர்களை உட்கார வைக்க பாய் கண்டுபிடித்த வழி, மைக்கில் ஒரு ஆள் நின்று கதை சொல்வது.

"நான் இங்கிலீஷ்ல ஃபெயிலுங்க பாய்" என்று உண்மையைச் சொன்னேன்.

"இருந்தா இன்னா தம்பி? இங்க வர்றவன் எவனும் பரீட்சைக்கே போனதில்ல. நீ போனியே" என்றார் அவர்.

வேலை சுலபம்தான். சனிக்கிழமை சாயங்காலம் படப்பெட்டி பஸ்ஸில் வரும். எனக்கும் பாய்க்கும் மட்டும் ஒரு தடவை ஓட்டுவார்கள். கதை எனக்குப் பிடிபட்டுவிடும். வசனம் பிடிபடாது. அதனால் என்ன, அழுகிறவள் எதற்கு அழுகிறாள் என்று தெரிந்தால் போதாதா? மறுநாள் என் இஷ்டத்துக்குப் பேச வைப்பேன்.

ஒரே ஒரு தொல்லை. திரையில் யார் வந்தாலும் உறவுமுறை சொல்லியாக வேண்டும். "அந்தத் தொப்பி போட்ட கெழவன் அவளுக்கு இன்னா வோணும்?" என்று கேள்வி வரும். பதில் சொல்லாமல் கதை நகராது. ஐந்தாறு மாதத்தில் நான் ஐரோப்பாவில் பாதிப் பேரைத் தாய்மாமனாகவும் மீதிப் பேரைப் பெரியப்பனாகவும் ஆக்கிவிட்டேன்.

இந்தக் கேள்விகளைக் கேட்பதில் முதலாவது ஆள் பூக்கார முனியம்மா. தியேட்டர் வாசலில் பூ விற்பவர். படம் ஆரம்பித்ததும் கூடையோடு உள்ளே வந்து முன்னால் உட்கார்ந்துகொள்வார். என் மொழிபெயர்ப்புக்கு அந்தக் காலத்தில் வந்த ஒரே விமர்சகர் அவர்தான்.

வெள்ளிமலை நர்ஸ்

விசாலாட்சி கல்வராயன் மலை மேல், வெள்ளிமலை என்ற ஊரில் நர்ஸ். பிரசவம் பார்க்க அவள் ஊர் ஊராகப் போவாள். காய்ச்சல்காரர்களின் விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்க நான் ஊர் ஊராகப் போவேன். ஒரே ஒற்றையடிப் பாதை. எத்தனை நாள்தான் இருபதடி இடைவெளி விட்டு நடப்பது?

என்னைக் கண்டால் மலைசனம் கதவைச் சாத்திவிட்டுக் காட்டுக்குள் ஓடும். விசாலாட்சி வந்த பிறகு அது நின்றது. ஊசியை வாங்கி முதலில் தன் விரலிலேயே குத்திக்கொள்வாள். "அவ்ளோதான், எறும்பு கடிச்சா மாதிரி" என்பாள். அவர்கள் கை நீட்டுவார்கள். ஒரு நாளில் நாலைந்து ஊர் என்றால் நாலைந்து குத்து. அந்த விரல்களைப் பார்த்துத்தான் எனக்கு மனசு போயிற்று என்று நினைக்கிறேன்.

அப்பா அம்மா இல்லாதவள். சின்ன வயசிலேயே வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி விடுதியில் சேர்த்துவிட்டார்களாம். வெள்ளைக்கார சிஸ்டர்கள் வளர்த்து, படிக்க வைத்து, நர்ஸ் ஆக்கினார்கள். இதையெல்லாம் அவளே சொன்னாள். சொல்லிக்கொண்டிருந்தவளிடம் நான் என் ஆங்கிலப் பெருமையை அளந்தேன். சாமைக் கொல்லை ஓரமாக நடந்தபடி, ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன கதைகளை எல்லாம் ஒன்று விடாமல் நடித்துக் காட்டினேன். அவள் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரிப்பாள். என் திறமையை ரசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவளுக்குக் கடிதம் வந்தது. ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ்கள் வேண்டுமாம், நீ போகிறாயா என்று அவளை வளர்த்த மூத்த சிஸ்டர் கேட்டிருந்தார். சம்மதக் கடிதம் மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும்.

"இங்க இன்னாங்க கொறச்சல்?" என்றேன்.

"ஒரு கொறச்சலும் இல்ல. போவணும்னு ஆசையா இருக்குதுங்க. அவ்ளோதான்."

கொறச்சல் என்றால் ஈடு கட்டலாம். ஆசைக்கு என்ன செய்வது?

அப்போது மலைக்கு பஸ் கிடையாது. காட்டிலாகா லாரி கிடைத்தால் லாரி, இல்லாவிட்டால் கால். கீழே இறங்குகிறவரிடம் கடிதங்களைக் கொடுத்தனுப்புவது வழக்கம். வாரம் தவறாமல் ஸ்லைடுகளோடு கள்ளக்குறிச்சிக்கு இறங்குகிறவன் நான்தான், ஆகவே மலைக்குத் தபால்காரனும் நான்தான். ஒரு கடிதத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. விசாலாட்சி தன் சம்மதக் கடிதத்தை ஒட்டி என் கையில் கொடுத்தாள்.

நான் போடவில்லை. முதல் வாரம் போஸ்ட் ஆபீஸ் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். இரண்டாவது வாரம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. மூன்றாவது வாரம், பதில் வந்ததா என்று அவள் கேட்டபோது, தபால் எல்லாம் இப்போது ரொம்ப மோசம் என்று அரசாங்கத்தைத் திட்டினேன். மறதி என்று எழுதிவிட்டுப் போகலாம். மறதி இல்லை. அவள் போகக் கூடாது என்று எனக்கு இருந்தது, அதை அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை.

இந்த இடம் வரைக்கும் படித்துப் பார்த்த என் மனைவி, "லெட்டரை ஒளிச்சி வச்சத மட்டும் எடுத்துடுங்க, பேத்திங்க படிக்கும்" என்றாள். படிக்கட்டும்.

பெட்டி வராத சனிக்கிழமை

அந்த வாரம் வரப்போவது ஐரோப்பாக் கதை, பனி வரும், கப்பல் வரும் என்று நான்தான் வாய் விட்டேன். "அந்த ஊருங்க எப்பிடி இருக்கும்னு நானும் பாக்கறேனே" என்றாள் விசாலாட்சி. சனிக்கிழமையே மலையிறங்கி, அடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் ஒரு தோழி வீட்டில் தங்கி, காலை முதல் டவுன் பஸ்ஸில் வந்துவிட்டாள்.

படப்பெட்டிதான் சனிக்கிழமை வரவில்லை. ஞாயிறு காலை விழுப்புரம் பஸ்ஸில் வந்து இறங்கியது. ஒத்திகை பார்க்க நேரமில்லை. பெட்டிக்குள் இரண்டு பக்க ஆங்கில நோட்டீஸ் ஒன்று இருந்தது. நம் ஊர்ப் பாட்டுப் புத்தகங்களைப் போலவே கதையைப் பாதியில் நிறுத்தி, மிச்சத்தைத் திரையில் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டது.

"கடைசீல சேந்துடுவாங்கதானே?" என்றார் காசிம் பாய்.

"சேராம எங்க பாய் போவாங்க?" என்றேன். அதுவரை நான் பார்த்த தமிழ்ப் படங்கள் எதிலும் கதாநாயகன் கதாநாயகியை வழியனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனதில்லை.

எனக்கு வேறு ஒரு யோசனையும் இருந்தது. நேரில் சொல்ல வராததை மைக்கில் சொல்லிவிடலாம். சொல்வது நானில்லையே, படத்தில் வருகிறவன்தானே.

இங்கிலீசு கம்மி, அர்த்தம் ஜாஸ்தி

கதை இதுதான். உலகச் சண்டை முடிந்த சமயம். துறைமுக ஊரில் ஆற்றின் குறுக்கே ஒரு இரும்புப் பாலம். கப்பல் வந்தால் நம் பாம்பன் பாலம் போல இரண்டாகப் பிளந்து வழி விடும். அதைத் திறந்து மூடுகிறவன் கதாநாயகன், ஒரு கால் ஊனம். வயலின் வாசிக்கிற பெண் ஒருத்தி அந்த ஊருக்கு வருகிறாள். கடல் தாண்டிப் பெரிய ஊரில் வாசிக்க அவளுக்கு அழைப்பு இருக்கிறது. கப்பல் வரும்வரை காத்திருக்கிறாள். அதற்குள் இரண்டு பேருக்கும் பழக்கமாகிவிடுகிறது.

ரொட்டிக் கடை வாசலில் அவன் அவளைப் பார்த்து ஏதோ இரண்டு வார்த்தை சொன்னான். நான் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"'அம்மா, கடலு தாண்டிப் போறேன்னு சொல்றியே, அந்த ஊரு குளுரு ஒடம்புக்கு ஒத்துக்காது. ரயில்ல ஒக்காந்தா பக்கத்துல இருக்கறவன்கூட பேச மாட்டான். காச்சல்னு படுத்தா கஞ்சி வச்சிக் குடுக்க ஒரு நாதி கெடையாது. இங்கியே இருந்துட்டா இன்னா?' அப்பிடின்றான்."

முனியம்மா பூத்தொடுப்பதை நிறுத்தினார். "இன்னா சார், அவன் வாயத் தொறந்து மூடறதுக்குள்ள இவ்ளோ பேசிட்டானா?"

"இங்கிலீசு கம்மி, அர்த்தம் ஜாஸ்தி" என்றேன். கைதட்டினார்கள். இரண்டாவது பெஞ்சில் விசாலாட்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தது தெரிந்தது. சிரிக்கிறாளா என்று இருட்டில் தெரியவில்லை.

எனக்கு வேகம் பிடித்துவிட்டது. திரையில் இரண்டு பேரும் பனியில் நடந்தால், "மலங்காட்டுல ரெண்டு பேரும் ஒரே பாதைல நடந்த ஞாபகம் வருதுன்றான்" என்றேன். அந்தப் படத்தில் மலையே கிடையாது. இடைவேளை முடிந்ததும் மைக்கில் உறுதி வேறு கொடுத்தேன். "யாரும் கவலைப்பட வாணாம். கடைசீல ரெண்டு பேரும் ஒண்ணா சேருவாங்க!"

பிறகு கப்பல் வந்து நின்றது. மறுநாள் அவள் ஏற வேண்டும். கதாநாயகன் பாலத்தின் எந்திர அறைக்குள் தனியாகப் போனான். உள்ளங்கை அளவு ஒரு இரும்பு முளையை எந்திரத்திலிருந்து உருவிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். காலையில் பாலம் திறக்கவில்லை. பனியில் இறுகிவிட்டது என்று ஊர் நம்பியது. கப்பல் நின்றபடியே நின்றது.

என் கை தானாகத் தோள்பையைத் தொட்டது.

"அவன் கெட்டவன் இல்லீங்க" என்றேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. "அவள ஏமாத்தணும்னு செய்யல. விட மனசு வரல. சொல்றதுக்கு வாயும் வரல. தெனம் அத பையிலியே வச்சிகினு சுத்தறான். போட்டுடலாம் போட்டுடலாம்னுதான் நெனைக்கிறான்."

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்தக் காட்சியில் அவன் வாயையே திறக்கவில்லை.

இரண்டாவது பெஞ்சிலிருந்து வந்த குரல்

கடைசி ரீல். விடிகிற நேரம். கதாநாயகன் நொண்டிக்கொண்டே எந்திர அறைக்குப் போகிறான். பையிலிருந்து முளையை எடுக்கிறான். வேண்டாமடா என்று நினைத்தேன். அவன் முளையைச் செருகிச் சக்கரத்தைச் சுற்றினான். பாலம் நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் மேலே எழுந்தது. "யப்பா!" என்று தியேட்டரே வாய் பிளந்தது. பனி பெய்ய ஆரம்பித்தது. அதுதான் என் சட்டை மேலும் பெய்தது.

கப்பல் மெல்ல நகர்ந்து பாலத்தைக் கடந்தது. மேல்தளத்தில் அவள் நின்றாள். அண்ணாந்து அவனைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"'நான் போவல, எறங்கி வந்துடறேன்'னு சொல்லுது" என்றேன்.

கப்பல் போய்க்கொண்டே இருந்தது.

"இன்னா சார், எறங்கி வரேன்னுச்சி, கப்பலு பாட்டுக்குப் போவுது?" என்றார் முனியம்மா. பின்னாலிருந்து விசில் பறந்தது. "சேருவாங்கன்னு சொன்னியே சார்!" கப்பல் சின்னதாகிக்கொண்டே போயிற்று. "கம்முனு நிக்கிறியே, அது இன்னாதான் சொல்லிச்சி?" என்று முனியம்மா எழுந்தே விட்டார்.

"எறங்கி வரேன்னு சொல்லலைங்க."

பெண்கள் பகுதியிலிருந்து குரல். விசாலாட்சி எழுந்து நின்றிருந்தாள். ஐந்நூறு பேர் இருக்கிற இடத்தில் ஒரு பெண் எழுந்து நின்று பேசுவது அந்த நாளில் கேள்விப்படாத விஷயம். விசில் நின்றது.

"'பாலம் ரிப்பேர் இல்லன்னு எனக்குத் தெரியும். நீங்களாத் தொறந்து விடுவீங்கன்னுதான் காத்துகினு இருந்தேன்'னு சொல்றாங்க" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளைக்கார சிஸ்டர்கள் அவளோடு என்ன பாஷையில் பேசியிருப்பார்கள் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தோன்றியது. சாமைக் கொல்லை ஓரம் நான் அளந்த பெருமை, காலையிலிருந்து மைக்கில் சேர்த்த ஒவ்வொரு சொல், எது படத்தில் இருந்தது, எது என் வயிற்றிலிருந்து வந்தது, எல்லாம் அவளுக்குத் தெரியும். மைக்கைத் தரையில் வைத்தேன். காசிம் பாயிடம்கூடச் சொல்லாமல் வெளியே வந்தேன்.

நீங்களே போடுங்க

வெளியே கண் கூசும் வெயில். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. முனியம்மா மட்டும் என்னைத் தாண்டிப் போகும்போது, "அந்தப் பொண்ணு சொன்னதுதான் சார் நெசம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

விசாலாட்சி குடையை விரித்துக்கொண்டு வந்தாள். நான் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். ஓரங்கள் சுருண்டிருந்தன. காய்ச்சல் மாத்திரைத் தூள் பட்டு ஒரு மூலை வெளுத்திருந்தது.

"மூணு வாரம்" என்றாள்.

"ஆமாங்க."

"மறந்துட்டீங்களா?"

"இல்லீங்க."

கோபமாகத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஊருக்கே கேக்கற மாதிரி மைக்குல சொன்னீங்களே, என்கிட்ட ஒரு வார்த்த, போவாதன்னு கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா இருந்திருப்பீங்களா?"

யோசித்தாள். அவள் பொய் சொல்கிற ஆள் இல்லை. "மாட்டேன். ஆனா நீங்க கேட்டிங்கன்னு எனக்கு இருந்திருக்கும்."

பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் போஸ்ட் ஆபீஸ் வாசலில் தபால் பெட்டி இருந்தது. அங்கே நின்றாள். கடிதத்தை வாங்கிக்கொள்ளவே இல்லை.

"நீங்களே போடுங்க" என்றாள்.

போட்டேன். பெட்டி காலியாக இருந்திருக்க வேண்டும். கடிதம் அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது. அவள் கண் கலங்கியிருந்தது, என் கண்ணும்தான். அடுத்த டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

கடிதம் கடைசி நாளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆடி மாதம் அவள் புறப்பட்டாள். அவள் பெட்டியை வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வரை தலையில் சுமந்து இறக்கியவன் நான். மழையில் நனைந்துகொண்டு இறங்கினோம். அன்றைக்கு நிறையப் பேசினோம், எதுவும் ஞாபகமில்லை. ஞாயிற்றுக்கிழமை மைக்கை மட்டும் நான் திரும்பத் தொடவில்லை. பாய் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தார்.

மார்கழியில் அவளிடமிருந்து கடிதம் வந்தது. தமிழில்தான் எழுதியிருந்தாள். குளிர் பழகிவிட்டதாம், ஆஸ்பத்திரியில் எல்லாரும் நன்றாக நடத்துகிறார்களாம், காய்ச்சலில் படுத்தபோது பக்கத்து அறைக்காரி கஞ்சி மாதிரி ஏதோ வைத்துக் கொடுத்தாளாம். நான் மைக்கில் சொன்னதில் ஒன்று மட்டும் நிஜமாம். ரயிலில் பக்கத்தில் இருப்பவர்கூடப் பேசுவதில்லையாம்.

கடைசியில், இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதிய வரிகள் இவை:

"கப்பலில் நின்றவள் அன்றைக்குச் சொன்னது ஒரே வார்த்தை. 'நன்றி' என்றாள். மீதியெல்லாம் நான் சொன்னது."